வாயில நுழையாத பேரு

1

பொங்கலூர்ல இருந்தோ பல்லடத்துல இருந்தோ இதைப் படிக்கறவங்களுக்கு மொதல்லயே சொல்லிடறேனுங்க. ஜெர்மனி சொர்க்கம்னு பீத்திக்கறதுக்கும் எழுத உக்காரலை, இங்க எங்களை எல்லாரும் ஒதுக்கறாங்கன்னு அழுகறதுக்கும் உக்காரலை. அப்பறம் எதுக்கு உக்காந்தேன்னு கேட்டா எனக்கே பிடிபடலை. போன மாசம் எம்பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு கட்டுரை எழுதச் சொன்னாங்க. அதுல புடிச்ச குழப்பம் இன்னும் தீரலை. எழுதிப் பாத்தா தெளியுமான்னு பாக்கறேன்.

எம்பேரு மயில்சாமி. சொந்த ஊரு பொங்கலூர், திருப்பூர்ல நிட்டிங் மெக்கானிக்கா இருந்தவன். நூலைத் துணியாப் பின்னற வட்ட மெஷினு இருக்குதுங்களே, அதைப் பிரிச்சுப் பூட்டறதுதான் தொழில். அந்த மெஷினைச் செய்யற ஒரு கம்பெனியிலயே வேலை கிடைச்சு, தெக்கு ஜெர்மனியில மலையோரமா இருக்கற இந்தச் சின்ன ஊருக்கு வந்து பதினாலு வருசமாச்சு. ஊட்டுக்காரி பூங்கொடி உடுமலைப்பேட்டைக்காரி. பொண்ணு தர்ஷினிக்குப் பதினஞ்சு முடிஞ்சுருச்சு. இங்க வரும்போது கைக்கொழந்தை.

அவளுக்கு ஜெர்மன் பாடத்துல ஒரு பழைய நாவல் நடத்தறாங்க. மலைக்கு அந்தப் பக்கமிருந்து கடிகாரம் ரிப்பேர் பண்றவன் ஒருத்தன் ஒரு ஊருக்கு வர்றான். இருபது வருசம் அங்கயே இருக்கான். எல்லாரும் அவன்கிட்ட கடிகாரம் குடுக்கறாங்க, ரோட்டுல பாத்தா வணக்கம் சொல்றாங்க. ஆனா ஒருத்தர்கூட 'உள்ள வந்து உக்காருப்பா'ன்னு சொன்னதில்லை. ஒருநாள் ஆத்துப் பாலம் தீப்புடிச்சு எரிஞ்சுபோவுது. யாரு வெச்சதுன்னு யாரும் விசாரிக்கலை. அவன்தான்னு எல்லாத்துக்கும் தானாவே தெரிஞ்சுபோச்சாமா. அவ்வளவுதான் கதை. நம்மூர்ப் பழைய நாவல்லயும் இப்படி ஊரோரத்துல ஒருத்தன் இருப்பான், படிச்சுட்டு நாமளும் உச்சுக்கொட்டுவோம்.

அந்த மாதிரி, ஊருக்குள்ள இருந்தும் வெளிய நிக்கற நிஜ மனுசர் ஒருத்தரைப் பத்தி எழுதணும். எழுதினதை வகுப்புல எல்லாரு முன்னாலயும் வாசிக்கணும். தர்ஷினி என்னைப் பத்தித்தான் எழுதப்போறேன்னா.

எனக்குத் தலைகால் புரியலை. நாவல்ல வர்ற ஆளாட்டம் ஆயிட்டமேன்னு ஒரு நெனப்பு. "அப்பாவை எதுக்கு வெளிய நிக்கற ஆளுங்கற? சந்தோசப்படற விசயமா இது?"ன்னு பூங்கொடி கேட்டா. அதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. பதினாலு வருசமா என் மனசுல கெடந்ததை எம்பொண்ணு ஜெர்மன்லயே எழுதி, ஜெர்மன்காரப் புள்ளைங்க முன்னால வாசிக்கப் போறா. கேக்கட்டுமே.

2

மனசுல என்ன கெடந்துச்சுன்னு சொல்றேன். மொதல்ல பேரு. நம்ம பக்கம் எனக்கு மயில்சாமிங்கறது பேரு, முன்னால 'ப'ன்னு ஒரு இனிஷியல். பாஸ்போர்ட்டுல அந்தப் 'ப'வை விரிச்சு பழனியப்பன்னு போட்டு, அதைக் குடும்பப் பேருன்னு எழுதிட்டாங்க. வந்த மொத வாரம் நகராட்சி ஆபீஸ்ல பதியப் போனோம். அங்க இருந்த அம்மா மூணு பாஸ்போர்ட்டையும் வரிசையா விரிச்சு வெச்சுப் பாத்தாங்க. பூங்கொடிக்கும் பாப்பாவுக்கும் குடும்பப் பேரு மயில்சாமி. எனக்கு மட்டும் பழனியப்பன். இவங்க ரெண்டு பேரும் ஒரு குடும்பம், சரி, நீங்க யாருன்னு கேட்டாங்க. கல்யாணச் சான்றிதழை மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, கொண்டுபோயிக் காட்டி, என் ஊட்டுக்கு நான் சொந்தக்காரன்னு நிரூபிக்க மூணு மாசமாச்சு.

அன்னைக்கிருந்து கம்பெனியில நான் 'ஹெர் பழனியப்பன்'. ஹெர்னா திரு. எங்கப்பா பல்லடம் தாண்டிப் போனதில்லை, அவரு பேரைத்தான் இங்க தினமும் கூப்பிடறாங்க. அதையும் முழுசாச் சொல்ல மாட்டாங்க. 'பலானி'ன்னு நிறுத்திக்குவாங்க. வாயில நுழையலையாமா. நம்மூர்ல 'பலான'ன்னா என்னான்னு இவங்களுக்குத் தெரிஞ்சா அப்படிக் கூப்பிடுவாங்களா? எத்தனை நாள் மனசுக்குள்ள பொருமியிருக்கேன் தெரியுங்களா. ஒரு மனுசன் பேரைச் சொல்லக்கூட ஒரு நிமிசம் நாக்கை வளைக்க மாட்டாங்களான்னு.

அடுத்தது, 'நீ', 'நீங்க'. இந்தப் பாசையிலயும் ரெண்டு இருக்குதுங்க. மரியாதைக்கு 'ஸீ'. நெருக்கத்துக்கு 'டூ'. கூத்தைப் பாருங்க, நமக்கு சீன்னா அருவருப்பு, டூன்னா பேச்சை முறிக்கறது. சின்ன வயசுல சண்டை போட்டா டூ விடுவோமில்லீங்களா, அதே டூதான் இங்க சிநேகிதம். நமக்கு நாய்க்குட்டியைக்கூட 'வாங்க சாமி'ன்னு கூப்பிட்டுத்தான் பழக்கம். அதனால நான் எல்லாருக்கும் ஸீ போட்டேன். பக்கத்து ஊட்டு நாலு வயசுப் பொடுசுக்கும் ஸீ போட்டேன். அது பயந்துகிட்டு அம்மாகிட்ட ஓடிப்போச்சு. பெரியவங்க குழந்தைகிட்ட ஸீங்கறது இங்க மிரட்டறது மாதிரியாமா.

கம்பெனியில எனக்குச் சீனியரு கார்ல். எங்கப்பா வயசு இருக்கும். நான் சேந்த ரெண்டாம் வருசம், சாப்பாட்டு ஹால்ல எழுந்து வந்து, கையை நீட்டி, "கார்ல்"ன்னாரு. அவரு பேருதான் எனக்குத் தெரியுமே. கையைக் குலுக்கிட்டு, தெரியுமுங்கன்னு சொன்னேன். மறுநாளும் பழையபடியே ஹெர் போட்டு, ஸீ போட்டு, குனிஞ்சு வணக்கம் வெச்சேன். அவரு மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. அதுக்கப்பறம் வணக்கத்தோட சரி. அவரு உக்கார்ற மேசையில எனக்கு எடமில்லைன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டு, ஜன்னலோரத்துல தனியா உக்காந்து தயிர்சோறு தின்னுகிட்டு வர்றேன். ஒருத்தரும் வந்து கூப்பிடலை.

ஆறு வருசம் கழிச்சுத்தான் பூங்கொடி சொன்னா. வயசுல பெரியவங்க கையைக் குடுத்து வெறும் பேரைச் சொன்னாங்கன்னா, இனிமே டூன்னு கூப்பிடு, நாம சிநேகிதம்னு அர்த்தமாமா. அவ எல்லாத்தையும் டூ போட்டே பேசி இந்த ஊர்ல பாதிப்பேரைச் சிநேகிதம் புடிச்சு வெச்சிருக்கா. அப்போ நான்தான் கதவைச் சாத்தினனா? இல்லை, ஒரு தடவை தட்டிட்டு அவங்க போயிட்டாங்களா? ஆறு வருசம் கழிச்சு, நான் மரியாதை குடுத்ததுங்க அதுன்னு எப்படிப் போயிச் சொல்றது? சொல்லலை. இன்னைக்கும் ஜன்னலோரம்தான்.

3

இதையெல்லாம் தர்ஷினி எழுதி முடிச்சா. ஆனா நான் கதவைச் சாத்தின பங்கு மட்டும் அதுல இல்லை. அதை நான் அவகிட்ட சொல்லலை. படிச்சுக் காட்டினப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஜன்னலோரம், டப்பா, நான் யாரையும் பாக்காம வெளிய பாத்துகிட்டே திங்கறது. கார்ல் பேரு போடலை, 'ஒரு பெரியவர்'ன்னு போட்டிருந்தா. ஆனா கார்லோட பேத்தி லேனா இவ வகுப்புதான். வாசிச்சா சாயங்காலம் அவங்க ஊட்டுக்கு விசயம் போயிரும். போகட்டும்னே எனக்குத் தோணுச்சு. பொய் சொல்லக்கூடாதில்லீங்களா, அப்படித்தான் தோணுச்சு.

டீச்சரு அதைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. கீழ நாலு வரி எழுதியிருந்துச்சு. இது பாதிதான். இந்த மாதிரிக் கதை எழுதின பழைய ஆளுங்க, வெளிய நிக்கறவனைப் பாத்துப் பரிதாபப்படச் சொல்லி எழுதலை. அவனை அங்க நிறுத்தி வெச்சு ஊரைப் பாக்கச் சொன்னாங்க. உன் கட்டுரையில ஊர் எங்க? உள்ள இருந்தவங்க தங்களைப் பத்தி என்ன நெனச்சுகிட்டாங்க? ஒருத்தரையாவது கேட்டு எழுது.

தர்ஷினி நோட்டை எடுத்துகிட்டு அடுப்படி மேசைக்கு வந்து என் எதுக்க உக்காந்தா. அவ என்கிட்ட 'நீ'ன்னுதான் பேசுவா. பொங்கலூர் போயிருந்தப்ப எங்க பெரியண்ணனைப் பாத்து 'நீ நல்லா இருக்கியா'ன்னு கேட்டதுல, மனுசன் சாப்பிட்டுகிட்டிருந்த தட்டோட எழுந்துட்டாரு. அவளை 'நீங்க' போட வெக்கற வழக்குல நான் எப்பவோ தோத்தாச்சு.

"அப்பா, புத்தகம் படிக்கறவங்க எல்லாரும் கடிகாரக்காரன் பக்கம்தான் நிக்கறாங்க. நானும்தான். அப்ப ஊருல இருந்தவங்க எல்லாம் யாரு? அவங்களும் புத்தகம் படிக்கறவங்கதானே?"

போயி கார்லைக் கேளேன்னேன். அவரைக் கேக்க முடியாது, உன்னைக் கேக்கறேன்னா. "நீ எப்பவாவது ஊரா இருந்திருக்கியா?"

நானாவது, ஊராவது. திருப்பூருக்கு எங்கெங்க இருந்தோ வர்றாங்க, தேனி, தென்காசி, பீகாரு, ஒடிசா. எல்லாத்துக்கும் சோறு போடற ஊருன்னு சொன்னேன். எடுத்த எடுப்புல யாரையும் வா போன்னு பேசத் தெரியாத சனம் நாங்கன்னேன். அவ சரின்னு எழுதிக்கிட்டா. நல்லவேளை, தப்பிச்சமடான்னு எழுந்தேன்.

பூங்கொடி எதையோ நெனச்சுகிட்டு, உள்ள போயி எங்க கல்யாண ஆல்பத்தை எடுத்தாந்தா. பொண்ணு ஊரைப் பத்திக் கேக்குது, மொகமாவது பாக்கட்டும்னு. திருப்பூர்க் கம்பெனி ஆளுங்க மேடையில நின்னு எடுத்த போட்டோ ஒண்ணு. பதினொரு பேரு. தர்ஷினி ஒவ்வொருத்தரா விரலை வெச்சு யாரு யாருன்னு கேட்டா, நானும் சொல்லிகிட்டே வந்தேன். தங்கராசு, சூப்பர்வைசரு. ஆரோக்கியம், டையிங் செக்சன். கடைசியில, மத்தவங்களை விட்டு ஒரு சாண் தள்ளி, கத்தரிப்பூ கலர் சட்டையில ஒரு ஆளு.

"அது பையா."

"பேரு?"

"பையாதான்."

"பையான்னா அண்ணன். எங்க வகுப்புல டெல்லிப் பொண்ணு ஒருத்தி இருக்கா, அவ அவங்க அண்ணனைக் கூப்பிடுவா. இவரோட பேரு என்னப்பா?"

எனக்கு அவன் பேரு தெரியலை.

4

மேல 'அவன் பேரு'ன்னு எழுதிட்டேன். அடிச்சுட்டு 'அவரு பேரு'ன்னு எழுதலாம்னு பாத்தேன், அப்பறம் இருக்கட்டும்னு விட்டுட்டேன். வாயில வந்தது அதுதான். இனிமே முடிஞ்சவரைக்கும் அவருன்னே எழுதறேன்.

எங்க கம்பெனிக்கு வந்த மொத வடக்கத்தி ஆளு அவரு. இப்ப இருக்கற மாதிரி அப்ப ஷிப்டுக்கு ஷிப்டு இந்திக்காரங்க கெடையாது. இவரு ஒருத்தருதான், அதனால பையான்னா இவருதான். உண்மையில இவரு ஒடிசா, இந்தியே அரைகுறைதானாம். அதுகூட எங்களுக்குப் பின்னாடிதான் தெரியும். என் வயசு ஆளு. நாலு வருசம் ஒரே ஷிப்டு. நான் மெக்கானிக்கு, அவரு ஆபரேட்டரு. காது அப்படிக் கூர்மை. மெஷினு சத்தத்தை வெச்சே ஊசி ஒடையப் போவுதுன்னு சொல்லிருவாரு. ஊசி ஒடைஞ்சா துணியில நெடுக ஒரு கோடு விழும், ரோலே வீணாப்போயிரும். கோடு விழறதுக்கு முந்தியே "அண்ணா, வாங்க"ன்னு கூப்பிட்டு நிறுத்துவாரு. என் வேலை சுத்தம்னு ஓனரு பாராட்டினதுல பாதி அவரோடது. அதை நான் ஓனருகிட்ட சொன்னதா ஞாபகமில்லை.

டீ வந்தா நாங்கெல்லாம் துணி ரோல் மேல உக்காந்து குடிப்போம். அவரு மெஷினோரமா நின்னுகிட்டே குடிப்பாரு. நில்லுன்னு யாரும் சொல்லலீங்க. உக்காருன்னும் சொல்லலை. நாலு வருசம். நெனச்சுப் பாத்தா எனக்கே நம்ப முடியலை, ஒருநாளாவது சொல்லியிருப்பனே, சொல்லியிருக்கணுமேன்னு தோணுது. ஆனா அவரு எங்ககூட உக்காந்த மாதிரி ஒரு காட்சி என் மனசுல எங்க தேடினாலும் இல்லை.

ஆறு மாசத்துல தமிழ் பேச ஆரம்பிச்சுட்டாரு. எங்களாட்டமே ங்க போட்டு. "அண்ணா, டீ வந்துருச்சுங்க. நூலு தீந்துருச்சுங்க." மெஷினுக்கும் ங்க போடுவாரு, "மெஷினு நின்னுட்டாருங்க"ன்னு. விழுந்து விழுந்து சிரிப்போம். மறுபடி சொல்லு பையா, மறுபடி சொல்லுன்னு ஆளாளுக்குச் சொல்ல வெச்சு வேடிக்கை பாப்போம். அவரும் சிரிப்பாரு. யாரை எடுத்தாலும் ங்க போடற எங்க வாய்க்கு, அவருகிட்ட மட்டும் 'வாடா, போடா, எட்றா அதை'தான். இதைச் சொன்னதும் தர்ஷினி, அப்ப அது நல்லதுதானேன்னு கேட்டா. டூ மாதிரிதானே, நெருக்கம்தானேன்னா. ஆமான்னு சொல்ல எவ்வளவு ஆசையா இருந்துச்சு தெரியுங்களா. நெருக்கம்தானோ? தங்கராசைக்கூட நான் வாடா போடாதான். ஆனா தங்கராசு என்னைத் திருப்பி வாடான்னு சொல்லுவான். இவரு சொன்னதில்லை. சொல்லியிருந்தா நாங்க என்ன பண்ணியிருப்போம்?

கல்யாணப் பத்திரிகை விசயமும் ஞாபகம் வந்துருச்சு. நம்ம பக்கம் பத்திரிகை வெக்கறதுன்னா சும்மா இல்லீங்களே. கவர் மேல பேரெழுதி, மஞ்சள் தடவி, ரெண்டு கையிலயும் குடுத்து, குடும்பத்தோட வந்துருங்கன்னு சொல்லணும். கம்பெனியில பத்துப் பேருக்கும் பேரெழுதிக் குடுத்தேன். அவரு கவர்ல ஒண்ணும் எழுதலை. என்னன்னு எழுதறது? வெறுங்கவரைக் குடுத்து, "வந்துரு பையா"ன்னேன். வந்தாரு. புதுச்சட்டை போட்டுகிட்டு வந்தாரு. கடைசிப் பந்தியில சாப்பிட்டாருன்னு பின்னாடி கேள்விப்பட்டேன்.

5

அவரு பேரைக் கண்டுபுடிக்காம விடறதில்லைன்னு எனக்கு ஒரு வெறி வந்துருச்சு. பேரு கெடைச்சுட்டா நான் ஊரு இல்லைன்னு ஆயிருமாட்டம். கட்டுரை குடுக்கறதுக்கு இன்னும் அஞ்சு நாளு. அதுக்குள்ள பேரைச் சொல்லி, பாரு கண்ணு, தெரியும், மறந்துதான் போச்சுன்னு சொல்லிரணும்.

தங்கராசுக்குப் போன் போட்டேன். அதே கம்பெனியில இப்ப மேனேஜரு. எந்தப் பையாடா, இங்க பூரா பையாதான்னு சிரிச்சான். கத்தரிப்பூ சட்டை, காது கூர்மைன்னு அடையாளம் சொன்னதும், அட நம்ம பழைய பையான்னான். இன்னும் அங்கயேதான் வேலை செய்யறாராமா. பொங்கலூர்ல ஊடு புடிச்சுக் குடும்பத்தோட இருக்காராமா. பேரு என்னடான்னா அவனுக்கும் தெரியலை. ரிஜிஸ்டர்ல பாருன்னேன். சம்பளப் பதிவெல்லாம் காண்ட்ராக்டர்கிட்ட, எனக்கு வர்றது டோக்கன் நம்பருதான்னான். "இப்ப எதுக்குடா அவன் பேரு? ஏதாச்சும் பிரச்சனையா?"

பொண்ணுக்குப் பள்ளிக்கூடப் பாடம்னேன். ஜெர்மனியில பையாவைப் பத்திப் பாடமான்னு கேட்டுச் சிரிச்சுட்டு நம்பரை அனுப்பினான். 'பையா பழசு'ன்னு அவன் போன்ல பதிஞ்சு வெச்சிருந்த பேரோடயே வந்துச்சு.

6

ஞாயித்துக்கெழமை காலையில கூப்பிட்டேன். அங்க மத்தியானம், லீவு நாளு. தர்ஷினி நோட்டோட எதுக்க உக்காந்துகிட்டா. ஸ்பீக்கர்ல போடுன்னா. போட்டேன். பூங்கொடி வெங்காயம் உரிச்சுகிட்டே கேட்டுகிட்டு இருந்தா.

எடுத்தது ஒரு பொண்ணு குரல். "யாருங்க பேசறது?" அப்படியே பொங்கலூர் பேச்சு. எங்கண்ணன் பொண்ணு பேசற மாதிரி இருந்துச்சு. நம்பர் தப்பாப் போயிருச்சோன்னு நெனச்சுட்டேன்.

"பையா இருக்காரா கண்ணு?"

"பையாவா? அப்படி யாரும் இல்லீங்களே."

பழைய நிட்டிங் கம்பெனி மெக்கானிக்கு, மயில்சாமி, ஜெர்மனியில இருந்துன்னு என்னென்னமோ சொல்லித் திணறினேன். அப்பறம் அந்தப் பொண்ணு மெதுவா, "எங்கப்பாவைக் கேக்கறீங்களா? எங்கப்பா பேரு கிருபாசிந்துங்க"ன்னு சொல்லுச்சு.

கிருபாசிந்து. தர்ஷினி எழுதிக்கிட்டா. எனக்கு அந்த நிமிசம் சந்தோசமா இருந்துச்சா, வெக்கமா இருந்துச்சான்னு இப்பவும் தெரியலை. இதுல வாயில நுழையாததுன்னு என்ன இருக்குது? பொங்கலூர்ல எங்க தெருவுல, சர்ச்சுக்குப் பக்கத்துல மட்டும் ரெண்டு கிருபா இருக்காங்க.

அப்பறம் அவரு வந்தாரு. "மயிலண்ணா! சொல்லுங்ணா, நல்லா இருக்கீங்களாங்ணா?" ஒரு நொடி யோசிக்கலீங்க. எல்லாம் ஞாபகம் வெச்சிருக்காரு. எந்த மெஷினு எந்த மூலையில நின்னுச்சுன்னு, எனக்கு டீயில சக்கரை வேண்டாம்னு. அக்கா நல்லா இருக்காங்களான்னு பூங்கொடியை விசாரிச்சாரு. பாப்பா பொறந்திருந்தாங்களே, இப்ப பெருசாயிருப்பாங்களேன்னு கேட்டாரு. எம்பொண்ணுக்கும் ங்க. நான் மரியாதையாப் பேசணும்னு முடிவோட உக்காந்திருந்தேன். 'நீங்க'ன்னு வாய்வரைக்கும் வருது, வெளிய வரலை. 'என்ன பண்ற, எப்படி இருக்க'ன்னுதான் வருது. பக்கத்து ஊட்டுப் பொடுசுக்கு ஸீ போட்ட வாயிங்க இது.

கடைசியில கேட்டுட்டேன். நாலு வருசம் ஒண்ணா வேலை செஞ்சோம், ஏன் உம் பேரை எங்ககிட்ட சொல்லவே இல்லைன்னு. குரல்ல கொஞ்சம் குத்தம் சொல்ற மாதிரியே கேட்டேன். ஒருவேளை தப்பு அந்தப் பக்கம் இருந்துட்டா நல்லா இருக்குமேன்னு.

அவரு சிரிச்சாரு. பழைய சிரிப்பு.

"சொன்னேனுங்ணா. மொத நாளே சொன்னேன். நீங்கதான், இதெல்லாம் வாயில நுழையாது, பையான்னே வெச்சுக்கலாம்னு சொன்னீங்க. அதுக்கப்பறம் எல்லாரும் அப்படியே கூப்பிட்டாங்க."

எனக்கு ஞாபகமே இல்லைங்க. சத்தியமா இல்லை. அவரு பொய் சொல்ற ஆளும் இல்லை. தர்ஷினியோட பேனா நின்னுபோச்சு. அவ என்னைப் பாக்கறான்னு தெரிஞ்சுது, நான் அவளைப் பாக்கலை. பூங்கொடி வெங்காயத்தைக் கீழ வெச்சுட்டா.

கோவமா இருக்கியான்னு கேட்டேன். எதுக்குங்ணா கோவம்னாரு. நிஜமாவே அவருக்கு நான் எதைக் கேக்கறேன்னு புரியலையா, புரிஞ்சும் என்னைக் காப்பாத்தறாரா, தெரியலை. பேச்சை மாத்தி, அங்க எப்படிங்ணா, பேச்சுத்துணைக்கு ஆளு இருக்குதுங்களா, உங்களைச் சேத்துக்கறாங்களான்னு கேட்டாரு. நான் பதில் சொல்லாம இருந்தேன். அவரே சொன்னாரு, மெதுவா, ஆறுதலா.

"பழகிரும்ங்ணா. கவலைப்படாதீங்க. எனக்கும் மொதல்ல ரொம்ப கஷ்டமா இருந்துச்சுங்க. அப்பறம் பழகிருச்சு."

சரி, அப்பறம் பேசறேன்னு சொல்லி வெச்சுட்டேன்.

7

கொஞ்ச நேரம் கழிச்சு தர்ஷினிதான் கேட்டா, இதை எழுதட்டுமான்னு. ஊருன்னு உன்னைப் போட்டு எழுதட்டுமான்னு.

எனக்குள்ள என்னென்னமோ ஓடுச்சுங்க. லேனா கேப்பா. ஊட்டுல போயிச் சொல்லுவா. பதினாலு வருசம் ஒதுக்கப்பட்டவன்னு நானே என்னைப் பத்திக் கட்டி வெச்சிருந்த கதையை, கார்ல் ஊட்டுச் சாப்பாட்டு மேசையில வெச்சுப் பிரிச்சுருவாங்க. மொதல் கட்டுரையையே குடுத்துரு கண்ணுன்னு சொல்லலாம். அதுவும் பொய் இல்லையே, ஜன்னலோரம் பொய்யா, பலானி பொய்யா? அவகிட்ட அப்படியே கேட்டேன். ரெண்டும் நிஜம்தான்பா, அதனாலதான் கேக்கறேன்னா. பேரை மாத்தி எழுதறதுன்னாலும் எழுதறேன்னா. எனக்கு அந்த வாய்ப்பு வேணும் போலத்தான் இருந்துச்சு. பூங்கொடி என் மூஞ்சியையே பாத்துகிட்டு நின்னா.

என்ன யோசிச்சேன்னு தெரியலை, யோசிச்சனான்னே தெரியலை. எழுதிக்க, எம்பேரே போட்டு எழுதிக்கன்னு சொல்லிட்டேன். சொன்னதும் ஒரு நிம்மதி. அவரு பேரு தெரிஞ்சுருச்சு, தப்பு ஒத்துக்கிட்டாச்சு, இனிமே நான் பழைய ஆளு இல்லைன்னு ஒரு நெனப்பு வந்து எழுந்து நின்னேன்.

தர்ஷினி நோட்டைப் பாத்துகிட்டே இருந்தா. போன்ல பேசினதை வரிக்கு வரி எழுதி வெச்சிருந்தா போல.

"அப்பா, கடைசியா என்ன சொல்லிப் போனை வெச்ச?"

"சரி, அப்பறம் பேசறேன்னு."

"இல்லைப்பா," அவ நிமிந்து பாக்கலை. "சரி பையா, அப்பறம் பேசறேன்னு சொன்ன."

நான் அப்படிச் சொல்லலைன்னு சொல்ல வாயெடுத்தேன். பூங்கொடியைப் பாத்தேன். அவ தலையைக் குனிஞ்சுகிட்டா.

அதையும் எழுதிக்கன்னு சொன்னேன்.